மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

உள்ளறையிலிருந்து மண் பொம்மைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த அகஸ்டினாவுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முன்னால் பரணிலிருந்து இறங்கும் குடில் பெட்டியின் சத்தம் அது. மாதாவும் சூசையப்பரும் மூன்று ராஜாக்களும் ஆடு மாடுகளும் வைக்கோலுக்குள் படுத்துக் கிடக்கும் பெட்டி. இந்த வருஷம் அந்த வைக்கோலுக்கு அடியில் வேறொன்றும் படுத்துக் கிடந்தது. அது அவளைத் தவிர அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

டம்ளரை அப்படியே வைத்துவிட்டு ஓடினாள். அவள் புருஷன் அந்தோணி பிளாஸ்டிக் முக்காலி மேல் ஏறி நின்று, பெட்டியை நெஞ்சோடு அணைத்து இறக்கிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, அத ஏன் எடுக்கறீங்க?”

“கோயில்ல பசங்களுக்குக் குடுத்துடலாம்னு பாத்தேன். நம்ம வூட்ல இந்த வருஷம் குடில் இல்லியே. சும்மா பரண்ல கெடந்து இன்னா பண்ணப்போவுது?”

“வேணாம். வைங்க.”

“சட்ட, பேண்ட்டு எல்லாத்தையும் காலையில முதியோர் இல்லத்துக்குக் குடுத்துட்டோம். இந்த பொம்மைய வச்சிக்கினு…”

“வைங்கன்னு சொல்றேன்ல!”

கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. பெட்டியை மறுபடி பரணில் ஏற்றினார். முக்காலியிலிருந்து இறங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகுதான் அகஸ்டினாவுக்குத் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது.

அன்று காலைதான் அவர்களுடைய ஒரே மகன் லூர்துபிரகாஷுக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்திருந்தது. இறந்தவனுடைய துணிமணியை அன்றைக்கு ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவது அந்தக் குடும்பத்து வழக்கம். பீரோவில் அவன் தட்டு காலியாகிவிட்டது. கருவடிக்குப்பத்தில் அந்தத் தெரு முழுக்க வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கியது. இந்த வீட்டு வாசலில் மட்டும் வெறும் ஆணி.

வைக்கோலுக்கு அடியில் இருந்தது ஒரு சட்டை. ஆகாய நீலத்தில், காலர் நைந்துபோன ஒரு யூனிஃபார்ம் சட்டை. அதற்காகத் தாலி கட்டியவரிடம் கத்துவாளா ஒருத்தி என்று கேட்டால், அகஸ்டினாவின் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

அந்த ஊரை ஒட்டிய மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், லாரிகள் வரிசையாக நிற்கும் ரோட்டைத் தாண்டி உள்ளே போனால், பெரிய பலகை இல்லாத ஒரு சின்ன கம்பெனி இருக்கிறது. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த கையோடு அகஸ்டினா அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம், பிள்ளைப்பேறு, தகப்பன் சாவு எல்லாம் அங்கே இருந்தபடியேதான். “அங்க இன்னாதாண்டி பண்றீங்க?” என்று எதிர்வீட்டு செல்வாம்பாள் ஒருநாள் விடாப்பிடியாகக் கேட்டாள்.

“வடக்க பாலைவனத்துல எண்ணெய்க் கிணறு தோண்டறாங்க இல்லக்கா, அதுக்குள்ள தண்ணிய அழுத்தி அடிப்பாங்க. பாறை விட்டுக் குடுக்கும். கிணறு பூமிக்குள்ள ரொம்ப நீளம். அதத் துண்டு துண்டா பிரிச்சி, ஒவ்வொரு துண்டுக்கும் அடிக்கற தண்ணியில கலக்க நாங்க ஒவ்வொரு மருந்து அனுப்புவோம். பெறகு அந்தத் தண்ணி திரும்பி மேல வரும்போது பாட்டில்ல புடிச்சி எங்களுக்கு அனுப்புவாங்க. எந்த மருந்து வந்திருக்கோ அந்தத் துண்டு நல்லா இருக்கு. எது வரலியோ அது அடைச்சிக்கிச்சி.”

“அடியே, பத்து புள்ளய ஊருக்கு அனுப்பிட்டு, எவன் வந்தான் எவன் வரலன்னு வாசல்ல நின்னு பாக்கற வேல!” என்றாள் செல்வாம்பாள். அப்போது இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த மருந்துகளுக்கு நிறமில்லை, மணமில்லை. கம்பெனியில் அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும் மாட்டார்கள். ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர், அவ்வளவுதான். ஒரு பெரிய குளத்துத் தண்ணீரில் ஒரு சிட்டிகை கரைந்திருந்தால் போதும், அகஸ்டினா உட்காரும் அறையிலிருந்த மிஷின் அதைக் கண்டுபிடித்து, திரையில் ஒரு கோட்டைக் குன்றுபோல எழுப்பிக் காட்டிவிடும். அதனால்தான் அந்தக் கம்பெனிக்கு ஒரு சட்டம் இருந்தது. மருந்தை எடை போட்டுக் கலக்கும் கொட்டகை ஒரு பக்கம். திரும்பி வந்த தண்ணீரைச் சோதிக்கும் அறை இன்னொரு பக்கம். நடுவில் முற்றத்தில் ஒரு மஞ்சள் கோடு. கொட்டகை ஆள் அந்தக் கோட்டைத் தாண்டக்கூடாது. சோதனை அறை ஆள் கொட்டகைப் பக்கம் போகக்கூடாது. ஒரே வண்டியில் போகக்கூடாது, ஒரே தட்டில் சாப்பிடக்கூடாது. கொட்டகைத் துணி கம்பெனியை விட்டு வெளியே போகவே கூடாது. அங்கேயே தனியாகத் துவைக்க எடுத்துப் போவார்கள்.

இந்தச் சட்டத்தை அகஸ்டினா வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். பவுடர் போடுவதை விட்டாள். கைக்கு கிரீம் தடவுவதில்லை. கல்யாண வீட்டுக்குக்கூட வெறும் முகத்தோடு போய் நிற்பாள். “கோயில் குருக்கள்கூட இவ்ளோ மடி பாக்க மாட்டாரு, இவ வேதக்காரியா பொறந்து மடி பாக்கறா” என்று செல்வாம்பாள் தெருவெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

மகன் டிப்ளமா முடித்து வேலையில்லாமல் சுற்றியபோது, மேனேஜர் ஜானகிராமனிடம் கேட்டு அதே கம்பெனியில் அவனைச் சேர்த்துவிட்டதும் அகஸ்டினாதான். ஆனால் காலியிருந்த இடம் கொட்டகையில். அன்றிலிருந்து அம்மாவுக்கும் பிள்ளைக்கும் நடுவில் மஞ்சள் கோடு விழுந்தது.

மத்தியானம் முற்றத்தில் கோட்டுக்கு இந்தப் பக்கம் அவளும், அந்தப் பக்கம் அவனும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஒரே குழம்புதான், டப்பா மட்டும் வேறு.

“மா, கோரிமேடு செக்போஸ்ட்ல கூட இவ்ளோ செக்கிங் கெடையாதும்மா. அவன் சாராய பாட்டில் இருக்கான்னு மட்டும்தான் பாப்பான். நீ என் மூச்சுக் காத்தக்கூட பாக்கற!”

“வாய மூடிக்கினு சாப்புடுறா. மீன் முள்ளு மாட்டிக்கப் போவுது.”

“மாட்டுனா நீதான் வந்து எடுக்கணும். அதுக்காச்சும் கோட்டத் தாண்டி வருவியா?”

“பிரேம்குமார் இருக்கான், எடுப்பான்.”

கூட வேலை செய்யும் பிரேம்குமார் “ஆன்ட்டி, நான் எடுத்தா தலையோட வரும்” என்பான். முற்றமே சிரிக்கும்.

அவன் கம்பெனியிலேயே குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்கு வருவான். அப்படி வந்தும் அவளுக்கு மனசு அடங்காது. அவனுக்குத் தனித் துண்டு, தனிக் கொடி. காலையில் அவன் தூக்கக் கலக்கத்தில் பின்னாலிருந்து வந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளப் பார்ப்பான். “தொடாதடா, வேலைக்குக் கெளம்பிட்டேன்” என்று தோளைக் குலுக்கி விலகிவிடுவாள். இரண்டு வருஷம் தினமும் அந்த ஒரு வார்த்தை. தொடாதடா. பெற்றவள் வாயால் சொன்ன வார்த்தை! பின்னால் அதுவே தொண்டையில் முள்ளாக நின்று, யாரும் எடுக்க முடியாமல் போகும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்தக் கார்த்திகை மாசத்து மழை நாள் காலையில் அவன் வாசலில் நின்று கெஞ்சினான்.

“மா, இப்பிடி ஊத்துது. என் வண்டி டயரு வேற தேஞ்சி கெடக்குது. இன்னிக்கி ஒருநாள் உன் பின்னாடி உக்காந்து வரேன்.”

“வேணாம்டா. பின்னாடி உக்காந்தா ஒட்டிக்கினுதான் உக்காரணும். மெதுவா வா, ஒண்ணும் ஆவாது.”

“உன் மிஷினு ஒண்ணுதான் உனக்குப் புள்ள” என்று சிரித்தான். கோபமில்லாத சிரிப்பு. அவள் முன்னால் போய்விட்டாள்.

வெள்ளை அங்கி மாட்டி, கையுறை போட்டு, அன்றைய முதல் பாட்டிலை எடுத்தபோது கண்ணாடிச் சன்னலை யாரோ படபடவென்று அடித்தார்கள். பிரேம்குமார். மழையில் நனைந்து, வாய் கோணி, என்னவோ கத்துகிறான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. அவன் கொட்டகை ஆள் என்பதால் அந்த நிலையிலும் கதவைத் திறந்து உள்ளே வரவில்லை. அகஸ்டினாவும் அந்த நிலையிலும், “இவன் ஏன் கோட்டத் தாண்டி வந்தான்?” என்றுதான் முதலில் நினைத்தாள். லாரி ரோட்டில் மகனின் வண்டி சறுக்கியது, பின்னால் வந்த வண்டி நிற்கவில்லை என்பதெல்லாம் அப்புறம்தான் தெரிந்தது.

சவப்பெட்டிக்குள் வைத்த பிறகு மகனைத் தொட்டாள். நெற்றி, கன்னம், விரல் ஒவ்வொன்றாகத் தொட்டாள். அன்றைக்கு யாரும் அவளைத் தடுக்கவில்லை. ஆனால் தொடப்பட்டவனுக்குத்தான் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து மறுபடி வேலைக்குப் போன அன்று, மஞ்சள் கோட்டருகில் நின்று பிரேம்குமாரைக் கூப்பிட்டாள். “தம்பி, அவன் பொருளு எதனா இருக்குதா?”

பிரேம்குமார் அவன் லாக்கரைத் திறந்து ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்தான். சீப்பு, சாப்பாட்டு டப்பா, ஒரு தொப்பி. கீழே ஒரு நீலச் சட்டை. விபத்துக்கு முந்தின நாள் போட்டுக் கழற்றி மாட்டியது. துவைக்கப் போகாமல் தங்கிவிட்டது.

“ஆன்ட்டி, இது வெளிய போவக் கூடாது. உங்களுக்கே தெரியும்.”

“தெரியும்.”

பிரேம்குமார் பையைக் கோட்டுக்கு மேலே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். “நான் பாக்கல” என்றான்.

அவ்வளவு மடி பார்த்தவள் அந்தச் சட்டையை எடுத்து வண்டிப் பெட்டிக்குள் வைத்தாள். இத்தனை வருஷ வேலையில் ஒரு துளி தப்பு செய்யாதவள், தெரிந்தே செய்தாள். பெற்ற வயிற்றுக்குச் சட்டம் தெரியுமா?

அந்தோணிக்கு டவுனில் ஒரு பேக்கரியில் வேலை. அடுப்பு மூட்ட விடியுமுன் கிளம்பிவிடுவார். அவர் போனதும் அகஸ்டினா பரணிலிருந்து குடில் பெட்டியை இறக்கி, வைக்கோலுக்கு அடியில் ஒளித்த சட்டையை எடுத்து, முகத்தின் மேல் போட்டுக்கொண்டு படுப்பாள். வேர்வையும், அவன் தடவும் தேங்காயெண்ணெயும் கலந்த அந்த வாசனை. “வாடா, இப்பத் தொடுறா” என்பாள். பிறகு எழுந்து குளித்து, துணி மாற்றி, வேலைக்குப் போவாள். உடம்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் குளித்தாள். ஆனால் தலைக்கு ஊற்றுவது அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும். அதை அவள் யோசிக்கவில்லை.

முப்பதாம் நாள் பூசைக்கு முந்தின வாரம் பாலைவனத்துக் கிணற்றிலிருந்து புது பாட்டில்கள் வந்திருந்தன. எப்போதும் போல முதலில் சுத்தத் தண்ணீரை மிஷினில் விட்டாள். அதில் எதுவும் தெரியக்கூடாது. திரையில் கோடு தரையோடு தரையாக ஓட வேண்டும். ஓடிக்கொண்டிருந்த கோடு ஓரிடத்தில் மெல்லத் தலை தூக்கியது. சின்னக் குன்றாக எழுந்து, தாழ்ந்தது.

ஏழாம் நம்பர்.

அவன் கடைசி வாரம் எடை போட்டுக் கலந்த நம்பர் அதுதான். வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தான், “ஏழாம் நம்பரு மாவு மாதிரி பறக்குதும்மா, கண்ணுலல்லாம் போவுது” என்று.

அகஸ்டினாவுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எழுந்து போய் ஜானகிராமனிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இருந்த இடத்திலேயே அந்தக் குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த அறைக்குள் ஒரே ஒரு தடவை வந்து பார்க்கணும் என்று எத்தனை நாள் கேட்டிருக்கிறான்! மஞ்சள் கோட்டருகிலேயே நின்று, கண்ணாடி வழியே நாக்கைத் துருத்திக் காட்டிவிட்டுப் போவான். இப்போது வந்துவிட்டான். யாருக்கும் தெரியாமல் அம்மாவின் முடியைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டான். மறுபடி சுத்தத் தண்ணீரை விட்டாள். மறுபடி எழுந்தான்.

அடுத்த நாள் கிணற்றுப் பாட்டில்களைப் பிரித்து விட்டபோதும் அப்படியே. அதற்குள் கூட வேலை செய்யும் பாரதி பார்த்துவிட்டாள். கண்ணாடிச் சாமான் கழுவுவது பாரதியின் பொறுப்பு. “அக்கா, நான்தான் சரியா கழுவலியா? மறுபடி கழுவிப் பாக்கறேன்க்கா” என்று அழுதாள். இவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். பாரதி மூன்று தடவை அத்தனையும் கழுவினாள். ஏழாம் நம்பர் போகவில்லை. சோதனை அறையைப் பூட்டினார்கள்.

சனிக்கிழமை ஜானகிராமன் எல்லோருடைய மேசையையும் நாற்காலியையும் அங்கியையும் பைகளையும் துணியால் துடைத்து, அந்தத் துணிகளை வேறிடத்தில் சோதிக்க எடுத்துப் போனார்.

இது நடந்து மறுநாள்தான் பூசை. குடில் பெட்டி மறுபடி பரண் ஏறிய கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. ஜானகிராமன். நரைத்த மீசை, கையில் ஒரு துணிப்பை.

“வாங்க சார்” என்று அந்தோணி நாற்காலியை இழுத்துப் போட்டார். “பூசைக்கு வருவீங்கன்னு பாத்தோம்.”

“கோயில்ல பின்னாடி நின்னேன் அந்தோணி. உங்க முகத்தப் பாக்க தைரியம் வரல.”

அகஸ்டினா ஆறிப்போன காப்பியைச் சுட வைத்துக் கொண்டுவந்தாள். அவர் வாங்கிக் கீழே வைத்தார். குடிக்கவில்லை.

“அகஸ்டினாம்மா, ஆபீசுக்குக் கூப்ட்டு கேக்க எனக்கு மனசு வரல. அதான் நானே வந்தேன். மத்த எல்லார் நாற்காலியும் சுத்தமா இருக்கு. உங்க நாற்காலி, தலை சாயற எடம், உங்க அங்கி காலரு, அது ரெண்டுல மட்டும் நெறைய இருக்கு. ஏழாம் நம்பர்.”

அவள் தரையைப் பார்த்தாள்.

“பாரதி வேலைய விட்டுட்டுப் போறேன்னு எழுதிக் குடுத்துட்டா. அவமேல தப்புன்னு அவளே நெனச்சிக்கினு இருக்கா. நான் வாங்கல. வீட்ல எதனா இருக்காம்மா?”

“இன்னா சார் கேக்கறீங்க? ஒண்ணும் புரியல” என்றார் அந்தோணி.

“இருக்குது சார்” என்றாள் அகஸ்டினா. “அவன் சட்டை.”

“யார் குடுத்தா?”

“யாரும் குடுக்கல. நானே எடுத்தாந்தேன்.”

ஜானகிராமன் அவள் முகத்தைப் பார்த்தார். மஞ்சள் கோட்டை இவள் தாண்டியிருக்க மாட்டாள் என்பது அவருக்குத் தெரியாதா? ஆனாலும் மேலே கேட்கவில்லை.

அந்தோணி எழுந்து நின்றார். “சட்டையா? எந்தச் சட்டை? எங்க இருக்குது?” கேட்கும்போதே அவர் கண் பரண் பக்கம் போனது. “அதுக்காடி அந்தக் கத்து கத்தினே?”

“நீங்க குடுத்துடுவீங்கன்னு பயந்துட்டேங்க.”

“எனக்கும் அவன் புள்ளதானே அகஸ்டினா? ஒருநாள் என்கிட்ட காட்டியிருக்கக் கூடாதா?”

அந்தோணி தானே போய் முக்காலி போட்டு, பெட்டியை இறக்கி, ராஜாக்களை எடுத்துத் தரையில் வைத்து, வைக்கோலை விலக்கினார். சட்டையை விரித்தார். பாக்கெட்டின் மேல் மகன் பெயர் தைத்திருந்தது. அப்படியே முகத்தைப் புதைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் மூச்சை இழுத்தார்.

“வரலியே” என்றார், குழந்தை மாதிரி. “எனக்கு ரொட்டி மாவு வாசனைதான் வருது. என் கை வாசனை. அவன் வரலியே.”

அகஸ்டினா அவர் கையிலிருந்து வாங்கி முகர்ந்தாள். வைக்கோல் மணத்தது. பழைய மண் பொம்மை மணத்தது. காலரை, அக்குளை, கைப்பட்டியை ஒவ்வொன்றாக முகர்ந்தாள். அவன் இல்லை. எப்போது போனான்? நேற்றா, போன வாரமா? தினமும் முகத்தில் போட்டுக்கொண்டிருந்தாளே, அவன் போனது கூடத் தெரியாமலா?

“சார்,” என்றாள், “எனக்கு இப்போ வாசனை வரல. ஆனா மிஷின்ல வரான் சார். நான் ரெண்டு நாளு சொல்லாம பாத்துக்கினே இருந்தேன். அவன்தான் வந்துட்டான்னு நெனச்சேன். தப்புதான். பாரதிகிட்ட நான் மன்னிப்பு கேக்கணும்.”

ஜானகிராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

“அகஸ்டினாம்மா, நான் ஒண்ணு சொல்றேன். வேலைய விட்டுட்டீங்கன்னா இந்தச் சட்டைய நான் கேக்கவே முடியாது. உங்க வீட்டுப் பொருள். நீங்களே வச்சிக்கலாம். விடலன்னா, இது இங்க இருக்கக் கூடாது. துவைச்சா போவாது. எரிக்கணும். எதுன்னு நீங்களே சொல்லுங்க. நான் எதுவும் நெனச்சிக்க மாட்டேன்.”

அந்தோணி சட்டென்று சொன்னார்: “வேலைய வுட்டுடு. வுட்டுடு அகஸ்டினா. நம்ம ரெண்டு பேருக்கு என் சம்பளம் போதும்.”

அவள் சட்டையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். வேலையை விட்டால் சட்டை இருக்கும். ஆனால் சட்டையில் அவன் இருக்கிறான் என்று சொல்ல அந்த மிஷின் ஒன்றுதான் உண்டு. அதன் பக்கம் அவள் போகவே முடியாது. மிஷினிடம் போனாலோ சட்டை இருக்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பிள்ளை கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நின்றான்.

“சார், அந்தக் கெணத்துல ஏழாவது துண்டு இன்னா ஆச்சு?” என்று கேட்டாள்.

“தெரியலம்மா. வந்த பாட்டில் எல்லாத்துலயும் ஏழு காட்டுது. அது கெணத்துலேந்து வந்த ஏழா, உங்க தலையிலேந்து விழுந்த ஏழான்னு எப்படிச் சொல்றது? ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஜோடியா அதே தண்ணி புடிச்ச இன்னொண்ணு மூடி பிரிக்காம இருக்கு. அதான் கடைசி. கெணத்துலேந்து அன்னிக்கி வந்த தண்ணி மறுபடி வராது. ரூம சுத்தம் பண்ணாம அதத் தொறந்தா அதுவும் போச்சு.”

“அந்த ஏழ எடை போட்டது அவன்தானே சார்?”

“அவன்தான். அவன் கடைசியா செஞ்ச வேலை அது.”

வெளியே தெருப் பிள்ளைகள் நட்சத்திரத்துக்குள் விளக்கு எரிகிறதா என்று கூச்சலிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“அவன் கையால போட்டு அனுப்பினது சார் அது,” என்றாள் கடைசியில். “பாறைக்குள்ள எங்கியோ போய் கெடக்குது. அது திரும்பி வந்துச்சான்னு யாருக்காச்சும் தெரிய வேணாமா? நான் இதக் கட்டிக்கினு அழுதா, அவன் செஞ்சது வந்துச்சா வரலியான்னே தெரியாமப் போயிடும். ரெண்டு வருஷம் அவன்கிட்டேந்து ஒதுங்கி ஒதுங்கி அந்த ரூம காப்பாத்தினேன். இப்போ நானே கெடுத்துட்டு… வேணாம் சார். எடுத்துக்கினு போங்க.”

“அகஸ்டினா!” என்றார் அந்தோணி.

“எடுத்துக்கினு போவட்டுங்க. வாசனையும் போயிடிச்சி. இத வச்சிக்கினு தெனம் காலையில அவன் இல்ல, அவன் இல்லன்னு தேடச் சொல்றீங்களா?”

ஜானகிராமன் துணிப்பையிலிருந்து ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை எடுத்து வாயைப் பிரித்துப் பிடித்தார். அகஸ்டினா சட்டையை மடித்தாள். இஸ்திரிக்காரன் மடிப்பது போல, கையை உள்ளே மடக்கி, காலரை நிமிர்த்தி, பெயர் மேலே தெரியும்படி மடித்தாள். பையின் வாயருகில் கொண்டுபோனவள் நிறுத்தினாள். அந்தோணி குனிந்து அந்தப் பெயர் மேல் ஒரு முத்தம் கொடுத்தார். அப்புறம் அவள் விட்டாள். சட்டை உள்ளே விழுந்தபோது சத்தமே வரவில்லை.

ஜானகிராமன் பையை மூடி ஒட்டி, துணிப்பைக்குள் வைத்தார். எழுந்தார்.

“வீட்ட நல்லா தொடச்சிடுங்கம்மா. படுக்கைத் துணி, அந்த வைக்கோல் எல்லாம் தூக்கிப் போட்டுடுங்க. தலைக்கு நாலஞ்சி நாள் ஊத்துங்க. பொறுத்து வாங்க, அவசரமில்ல. இப்பக் கைய மட்டும் சோப்பு போட்டு கழுவிடுங்க.”

“சார்,” என்றாள் அவள். “ஏழு வந்துச்சின்னா சொல்லுவீங்களா?”

“சொல்றேன்.”

“வரலன்னாலும் சொல்லுங்க.”

அவர் தலையை ஆட்டினார். வாசல் நடையில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்த்தார். அகஸ்டினா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இரண்டு உள்ளங்கையையும் மேலே பார்த்தபடி மடியில் விரித்து வைத்திருந்தாள், எதையோ வாங்கிக்கொள்ளக் காத்திருப்பவள் போல.

“கைய மட்டும் நாளைக்கிக் கழுவிக்கறேன் சார்.”

ஜானகிராமன் துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கினார். ஸ்கூட்டர் கிளம்பித் தெருமுனை திரும்பும் வரை வாசலில் நின்ற அந்தோணி, உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.